காயம்பட்ட போட்டியாளரை வெளியே அனுப்புவது அநியாயமா?

ஜூன் 3, இரவு 9.15 (வாசகர் கேள்வி)

அக்கா, காட்டிலோ தீவிலோ விட்டு, ஒருவரை ஒருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றுகிற அமெரிக்க ரியாலிட்டி போட்டியான சர்வைவரின் சீசன்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நன்றாக விளையாடுகிற ஆள். யாரும் அவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றவில்லை. "நான் இருக்கிறேன், அனுப்பாதீர்கள்" என்று அவரே கெஞ்சுகிறார். ஆனாலும் டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுகிறார். உடம்பு அவருடையது, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறார்? விருப்பத்தை மீறி அனுப்புவது அநியாயம் என்பது என் கட்சி. நீங்கள் மாரத்தான் மருத்துவக் கூடாரத்தில் இருப்பவர், என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 3, இரவு 11.05

அநியாயம் இல்லை தம்பி. சில நேரங்களில் அவர் கெஞ்சுவதே அவரை நிறுத்தவேண்டும் என்பதற்கு அடையாளம்.

சென்னையில் ஒரு மாரத்தானில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பிசியோ. கூடாரத்தில் எனக்குப் பெரும்பாலும் தசைப்பிடிப்பை நீவிவிடுவது, கணுக்காலுக்கு டேப் ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. அன்றைக்குக் காலை ஏழரைக்கே புழுக்கம் தாங்கவில்லை. ஒருவர் கோணல்மாணலாக ஓடி வந்தார். சாலை நடுவில் வந்தவர் ஓரத்துக்குப் போய் தடுப்பில் தோளை இடித்துக்கொண்டு, இடித்தது தெரியாமலே மறுபடி நடுவுக்கு வந்தார். பிடித்து நிறுத்தினோம். "விடுங்க மேடம், இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்றார். குரல் தெளிவாக இருந்தது. பேரைக் கேட்டேன், சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன், மறுபடியும் பேரைச் சொன்னார். இன்றைக்கு என்ன கிழமை என்றேன். "ரெண்டு கிலோமீட்டர்" என்றார். உடம்பெல்லாம் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி உழைத்து வருகிற வகையில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை தடுமாற ஆரம்பிக்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்வது அந்தத் தடுமாறுகிற மூளைதான். அதன் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது?

ஜூன் 4, காலை 6.30

நீங்கள் சொல்வது அநேகமாக கம்போடியாவின் கோ ரோங் தீவில் எடுத்த 32ஆவது சீசன் என்று நினைக்கிறேன். 2016இல் ஒளிபரப்பானது. மணலைத் தோண்டிப் பைகளை எடுக்கிற போட்டி. ஒன்பதாவது நாள், கொளுத்துகிற வெயில், மூன்று பேர் அடுத்தடுத்து விழுந்தார்கள். டெபி, சிட்னி இருவரும் தேறிவிட்டார்கள். கேலப் ரெனால்ட்ஸ் தேறவில்லை. ராணுவத்தில் இருந்தவர், பார்த்தால் கடப்பாரையை வளைப்பார் போலிருக்கும். அவரைத்தான் ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். தொகுப்பாளர் ஜெஃப் ப்ராப்ஸ்ட் பேசுவதை விட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிடுகிறார். வழக்கமாகத் திரையில் வரவே வராத படப்பிடிப்புக் குழுவினர் குடையும் தண்ணீருமாக ஓடி வருகிறார்கள். நிகழ்ச்சி தன் சட்டகத்தை உடைத்துக்கொண்டு மனிதரைப் பார்த்த நேரம் அது. கேலப் மீது ஐஸும் தண்ணீரும் கொட்டியதில்தான் எனக்கு மிகவும் மரியாதை. ஹீட் ஸ்ட்ரோக்கில் முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டியில் ஏற்றுவதெல்லாம் அப்புறம். நம்மூரில் இது தலைகீழாக நடக்கிறது. விழுந்தவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் போட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் உடம்பு கொதிக்க விடுகிறோம். நான் சொன்ன கூடாரத்திலும் ஐஸ் பெட்டி இருந்தது, தசைப்பிடிப்புக்கு வைக்கிற அளவுக்கு. ஆளை முக்கி எடுக்க ஒரு தொட்டி இல்லை. பக்கத்தில் இளநீர்க்காரர் வைத்திருந்த ஐஸைக் கேட்டு வாங்கி, ஈரத் துண்டுகளில் சுற்றித்தான் சமாளித்தோம். ஓடி வந்தவர் பிழைத்துக்கொண்டார்.

ஜூன் 4, மதியம் 1.20

கேலப்தான் முதல் ஆள் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. சர்வைவரில் மருத்துவக் காரணத்துக்காக முதலில் வெளியேற்றப்பட்டவர் மைக்கேல் ஸ்கூப்பின், 2001, ஆஸ்திரேலிய சீசன். நெருப்பருகே புகை தாக்கி மயங்கி அதிலேயே விழுந்தார், கைகள் வெந்துபோயின.

32ஆவது சீசனில் கேலப்பையும் சேர்த்து மூன்று பேர் இப்படிப் போனார்கள். ஒருவருக்கு முழங்காலில் புண் சீழ்பிடித்து, கிருமி மூட்டுக்குள் போய்விடுமோ என்ற பயம். அவர் பையில் யாரும் ஓட்டுப் போட்டு அசைக்க முடியாத பாதுகாப்புச் சிலை இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டே போனார். எழுபதைத் தாண்டிய இன்னொருவர் பல நாள் பட்டினிக்குப் பிறகு பரிசாகக் கிடைத்த இறைச்சியை நிறையச் சாப்பிட்டு, சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்து, இறுதிக்குச் சில நாள் இருக்கையில் போனார்.

ஜூன் 4, இரவு 10.40

"அப்படியானால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு தரட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். தருகிறார்கள். 2012இல் வந்த பிலிப்பைன்ஸ் சீசனில் முன்பு மருத்துவக் காரணத்தால் போன மூன்று பேரைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள்: ஸ்கூப்பின், ஜோனதன் பென்னர், ரஸ்ஸல் ஸ்வான். ஸ்கூப்பின் கடைசி மூவரில் ஒருவராக வந்தார். 2023இல் முதல் போட்டியிலேயே தலையில் அடிபட்டுப் போனவரை அடுத்த சீசனிலேயே அழைத்தார்கள்.

இந்த ரஸ்ஸல் ஸ்வான் விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 2009, சமோவா. மழையிலும் குளிரிலும் பட்டினியாகக் கிடந்த அணியின் தலைவர். அணிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தன்னை வருத்திக்கொள்கிற ரகம். 15ஆவது நாள் போட்டியின் நடுவே, கண் திறந்திருக்க ஆளே இல்லாதவர் போல் மேஜையில் சாய்ந்தார். ரத்த அழுத்தம் சரிந்தது. எழுப்பினார்கள், மறுபடி போனார். நினைவு வந்தபோதெல்லாம் தன்னை எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். போட்டியை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கெஞ்சலைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் டாக்டர் முகத்தைக் கவனியுங்கள். அவர் பேரம் பேசவில்லை. "நீங்கள் எப்படி உணர்கிறீர்கள், இன்னொரு நாள் பார்க்கலாமா" என்றெல்லாம் இழுக்கவில்லை. முடிவு தன்னுடையது, பழியும் தன்னுடையது என்று நின்றார். போட்டியாளருக்கு நிகழ்ச்சி செய்கிற பெரிய உதவி அதுதான். அவராக விலகினால் ஊருக்குப் போய் "விட்டுட்டு வந்துட்டியே" என்ற பேச்சை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும். டாக்டர் அனுப்பினால் அந்தச் சுமை அவர் தலையில் இல்லை.

ஜூன் 5, காலை 7.10

தூங்கி எழுந்தபின் அந்தச் சுமையைப் பற்றி இன்னும் தோன்றுகிறது. ஒரே நிகழ்ச்சி விலகலை எப்படி வேறு வேறாக நடத்துகிறது என்று பாருங்கள். 2003இல் ஆஸ்டன் டெய்லர் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று தானாக விலகினார். வெளியேறுகிறவரின் தீப்பந்தத்தை அணைத்து அனுப்புவது அங்கே சடங்கு; அவருடையதை அணைக்காமல் ப்ராப்ஸ்ட் கீழே போட்டார். அவமானம் என்று தெரியட்டும் என்றுதான் அது. அடுத்த ஆண்டே ஜென்னா மொராஸ்கா, புற்றுநோயால் வாடிய அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பாதியில் கிளம்பினார். அவரை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அவர் வீடு சேர்ந்த சில நாட்களில் அம்மா இறந்துபோனார்.

அதாவது, காரணம் பிறர் கண்ணுக்குத் தெரிந்தால் மரியாதை. உடம்புக்குள் இருந்தால் கோழைத்தனம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஜூன் 5, இரவு 9.50

ஓர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கிற நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது: அலோன். காட்டில் தனியாக விடுவார்கள், படப்பிடிப்பு ஆளும் கிடையாது, அவரவர்தான் கேமராவைப் பிடிக்க வேண்டும். வெளியே வர நினைத்தால் சாட்டிலைட் போனில் ஒரு அழைப்பு போதும். கடைசி வரை நிற்பவருக்கு வழக்கமாக 5 லட்சம் டாலர். மருத்துவர்கள் இடையிடையே வந்து எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 17க்குக் கீழே போனால் கிளம்ப வேண்டியதுதான்.

படகோனியாவில் எடுத்த மூன்றாவது சீசனில் கார்லி ஃபேர்சைல்ட் 86ஆவது நாள் வரை இருந்தார். எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிருந்தது. பிஎம்ஐ 16.8. இருக்கிறேன் என்றுதான் சொன்னார், அனுப்பிவிட்டார்கள். அப்போது மிச்சம் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் 87ஆவது நாள் வென்றார், அவரும் சுமார் 30 கிலோ இழந்திருந்தார். மருத்துவப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் மனைவி வந்து நின்றார்.

அதே சீசனில் டேவ் நெசியா 73ஆவது நாள் போனதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் காய்ந்த மீன் இருப்பு இருந்தது! பின்னாளுக்கு என்று எண்ணி எண்ணி, சின்னத் துண்டு துண்டாகச் சாப்பிட்டு வந்தார். ரத்த அழுத்தம் உறுப்புகளுக்கே ஆபத்து என்கிற அளவுக்கு விழுந்துவிட்டது. சாப்பாடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க, அவர் பட்டினியில் போய்க்கொண்டிருந்தார், அது அவருக்குத் தெரியவில்லை. பட்டினியும் புத்தியைத் தொடுகிறது.

ஜூன் 6, மதியம் 2.00

"டாக்டருக்குச் சம்பளம் தருவதே தயாரிப்பு நிறுவனம், அவர் எப்படி நடுநிலையாக இருப்பார்?" நல்ல கேள்வி. எனக்கும் இதில் முழு நிம்மதி இல்லை. அதனால்தான் 17 மாதிரி ஓர் எண் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருப்பது நல்லது என்கிறேன். எண்ணோடு யாரும் பேரம் பேச முடியாது. தயாரிப்பாளரும் முடியாது.

ஜூன் 6, இரவு 11.30

சாவு வரை போனதும் உண்டு. பிரான்சின் கோ-லந்தா, சர்வைவரின் பிரெஞ்சு உடன்பிறப்பு. 2013 மார்ச், இடம் மறுபடியும் கம்போடியா. முதல் நாள், முதல் போட்டி. 25 வயது இளைஞர் ஒருவருக்குப் போட்டிக்குப் பிறகு பிடிப்பு, அப்புறம் இதயம் நின்றது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்த சீசனையே கைவிட்டார்கள். அவருக்குச் சிகிச்சை தந்த நிகழ்ச்சி மருத்துவர் மீது ஊடகங்களில் குற்றச்சாட்டுகள் வந்தன. சில நாட்களில் அந்த மருத்துவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதை எழுதவே கை தயங்கியது. ஆனால் "முடிவு டாக்டருடையது" என்று மேலே நான் அவ்வளவு உறுதியாக எழுதியதற்குப் பக்கத்தில் இதுவும் இருக்க வேண்டும். தீவில் ஒரு மருத்துவரை நிறுத்திவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு சேனல் நினைக்கக் கூடாது. எந்த நேரத்தில் போட்டி, நிழல் எங்கே, தண்ணீர் எவ்வளவு, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் வேறு ஆட்கள். கோ ரோங்கில் அந்த வெயிலில் மணலைத் தோண்டச் சொன்னது டாக்டர் இல்லையே.

ஜூன் 8, காலை 8.15

பிக் பாஸ் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சரி.

அங்கே வெயில் இல்லை, பட்டினி இல்லை. உடைவது மனசு. 2017இல் முதல் சீசனில் ஓவியா அப்படித்தான் வெளியே வந்தார். ஊரே அவர் பக்கம் இருந்தது, ஓவியா ஆர்மி என்று ஒன்றே இருந்தது. அந்த ஆதரவு வீட்டுக்குள் அவருக்கு எட்டவில்லை, எட்டவிடாமல் செய்வதுதானே அந்த விளையாட்டே. 2022இல் ஜி.பி.முத்து மகனைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். 2023இல் பவா செல்லதுரை தானாகக் கேட்டு வெளியேறினார். மூன்று பேரையும் மக்கள் பேசிய விதத்தை நினைத்துப் பாருங்கள். ஓவியாவுக்காக அழுதார்கள், முத்துவைப் பாசக்கார அப்பா என்றார்கள், பவாவைக் கேலி செய்தார்கள். மூவரும் செய்தது ஒன்றுதான்: என்னால் முடியவில்லை என்று சொன்னார்கள்.

மனசுக்கு பிஎம்ஐ கிடையாது என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். ஒரே எண் கிடையாதுதான். ஆனால் பார்க்கக்கூடியவை உண்டு: எத்தனை இரவு தூங்கவில்லை, எத்தனை வேளை சாப்பிடவில்லை, தனியாகப் பேசிக்கொள்கிறாரா, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாரா. ஊரில் வேறெந்த மனநல மருத்துவருக்கும் 24 மணி நேரக் கேமரா கிடைக்காது. இவர்களுக்குக் கிடைக்கிறது. பார்க்க ஆள் வேண்டும், பார்த்ததும் "போதும்" என்று சொல்லும் அதிகாரம் வேண்டும்.

பிரிட்டனில் இதை விதியாகவே கொண்டுவந்தார்கள். குடும்பச் சண்டைகளை மேடையேற்றுகிற ஜெரமி கைல் நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஒருவர் இறந்தபின் 2019 மே மாதம் அதை மொத்தமாக நிறுத்தினார்கள். பங்கேற்பவர்களின் நலனைக் காப்பது ஒளிபரப்பாளரின் கடமை என்று அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பு எழுதிய விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன.

ஜூன் 8, இரவு 10.05

ஒரு சின்னக் குறிப்பு. 2022இல், சர்வைவர் 42ஆவது சீசனில், ஒருவரை மூன்றாவது நாளே அனுப்பினார்கள். காயம் எதுவும் இல்லை. லித்தியம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்ததும் அதைக் குறைத்துக்கொண்டு வந்ததும் தெரியவந்தது. உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகும், குடிநீருக்கே திண்டாடுகிற தீவில் அது பெரிய ஆபத்து. முடிவு சரி. ஆனால் மன நலத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொன்னால் தேர்வே ஆகமாட்டோம் என்ற பயம் எங்கேயும் உண்டு, நம்மூரில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுகூட. உண்மையைச் சொன்னவருக்குக் கதவு அடைக்கப்படும் என்றால் எல்லாரும் மறைக்கத்தான் செய்வார்கள்.

ஜூன் 9, காலை 6.50

நிகழ்ச்சி முடிந்த பிறகு? தி பிக்கஸ்ட் லூசர், உடல் எடையைக் குறைக்கிற அமெரிக்கப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2016இல் எழுதியது. 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. ஓய்வாக இருக்கையில் அவர்கள் உடம்பு செலவழிக்கிற கலோரி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவு.  எடை குறைந்தது என்று கைதட்டி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள்.

ஜூன் 11, இரவு 9.30

இரண்டு நாளாக எழுதாததற்குக் காரணம், வீட்டில் இதே பிரச்சினை. உறவுக்காரக் குழந்தை, பத்து வயது, ஒரு சேனலின் பாட்டுப் போட்டியில் இருக்கிறாள். தொண்டை கட்டிவிட்டது. சாதாரணக் கரகரப்பு என்று மிளகுப் பால், அதிமதுரம் எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காது மூக்குத் தொண்டை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படப்பிடிப்பு அந்த வாரத்தில்தான். அம்மா போனில் கேட்டதற்கு ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில்: "வந்து நின்னு ரெண்டு வரி பாடினா போதும்மா, நடுவர்கள் புரிஞ்சுக்குவாங்க."

புரிந்துகொள்வார்கள், அதுதான் ஆபத்தே. நம் பாட்டுப் போட்டிகளில் "நூத்திரண்டு காய்ச்சலோட வந்து பாடியிருக்கா இந்தக் குழந்தை" என்று சொல்லி எழுந்து நின்று கைதட்டுகிறோம். கீழே அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கேமரா காட்டுகிறது. வீட்டில் பார்க்கிற மற்ற குழந்தைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? கேலப்பாவது பெரிய ஆள். பத்து வயதுக் குழந்தைக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டியது பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்தான்.

அவள் கையில் ஒரு சின்ன சிலேட்டைக் கொடுத்திருக்கிறோம். வேண்டியதை எழுதிக் காட்டுகிறாள். முதல் நாள் எழுதியது "நான் அவுட்டா?"

ஜூன் 12, காலை 7.40

அவுட் இல்லை என்று சொல்ல நிகழ்ச்சிக்கு ஒரு விதி வேண்டும். கேக், ரொட்டி சுடுகிற போட்டியான பிரிட்டிஷ் பேக் ஆஃப் 2022இல் செய்ததைப் பாருங்கள். ரொட்டி வாரத்தில் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. அந்த வாரம் யாரையுமே வெளியேற்றவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரை அனுப்பிக் கணக்கை நேர் செய்துகொண்டார்கள். அதில் ஒருவர் முந்தின வாரம் உடம்புக்கு முடியாமல் இருந்தவரேதான், ஆனால் அவரும் வந்து சமைத்துத் தோற்றுத்தான் போனார், படுக்கையில் இருந்தபடி தோற்கவில்லை.

இது ஒன்றும் பெரிய செலவு இல்லை. ஒரு வாரம் எலிமினேஷன் கிடையாது, அவ்வளவுதான். நேற்று ராத்திரி அவள் அம்மா இதையே எழுதி அனுப்பியிருக்கிறாள், டாக்டர் சீட்டையும் இணைத்து. படப்பிடிப்புக்கு அனுப்பப் போவதில்லை என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டாள். பதில் வரவில்லை.

குழந்தைகளை ஆடிஷனுக்கு அழைத்துப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படப்பிடிப்பு அன்று டாக்டர் இருப்பாரா, அவர் நிறுத்தச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நிற்குமா, உடம்பு முடியாத வாரம் எலிமினேஷனில் சேருமா. வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜூன் 12, இரவு 10.20

கேள்வி கேட்ட தம்பி "கட்சி மாறிவிட்டேன், ஆனால் பெரியவர்கள் விஷயத்தில் பாதிதான்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாதியைச் சொல்லுங்கள், பேசலாம். தெளிவான நிலையில் உள்ள ஒருவர், ஆபத்தை முழுதாகத் தெரிந்துகொண்டு, கட்டுப்போட்ட சுளுக்குக் காலோடு ஆடுகிறேன் என்றால் நானே டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. பேரையும் ஊரையும் கிழமையையும் ஒழுங்காகச் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டு ஒட்டுவேன்.